கோல் காப்பவரின் இரண்டு அடி

கல்லூரிக் கால்பந்தில் கோல்கீப்பரின் அழகு பாய்ச்சலில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மைதானத்திலோ கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலோ, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தால் இது விளங்கும். பந்து வலப்பக்கம் போனதும் பக்கவாட்டில் ஒரு சிறு நகர்வு. எதிரணி வீரர் நெருங்கினால் முன்னால் இரண்டு அடி. அந்த இரண்டு அடியில், 7.32 மீட்டர் அகலக் கோல், உதைப்பவரின் கண்ணுக்குக் குறுகிப்போகிறது. அவர் பந்தை வெளியே அடித்துவிடுகிறார். கோல்கீப்பருக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. ஆனால் தடுத்தவர் அவர்தான்.

பெரும்பாலான நேரம் சும்மா நிற்பவருக்கு என்ன திறமை என்று கேட்கலாம். சும்மா நிற்பதாகத் தெரியும்போதும் அவர் வாய் ஓய்வதில்லை: “பின்னாடி ஆள்!”, “விடு, என் பந்து!” பந்தைப் பார்த்து ஓடுபவர்களுக்கு முதுகுப்பக்கம் தெரியாது, மைதானம் முழுவதும் தெரிவது அவருக்குத்தான். ஐப்பசி மழையில் ஊறிய தரையில் பந்து எழும்பாமல் வழுக்கி வரும்போது, அவர் கையை மட்டும் நம்புவதில்லை. முழங்காலை மடித்து, உடம்பையே பின்னால் அணையாக வைத்து, ஈரப்பந்தை மார்போடு அணைத்துக்கொள்கிறார். ‘தப்’பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாய்ச்சலும் வேண்டியதுதான், ஆனால் அதற்குத் தேவையே வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுமைதான் பெரிய வித்தை.