முகமும் வரலாறும்: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் தமிழர் - ஒரு சமூகவியல் நோக்கு

கலை இலக்கியங்களின் சமூக அடிப்படைகளை ஆராய்வோர் தொலைக்காட்சித் தொடரை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வது நம்மிடையே அரிதாகவே உள்ளது. நாவலுக்கும் நாடகத்துக்கும் வழங்கப்படும் கவனம் அதற்கு வழங்கப்படுவதில்லை. ஆயின் வெகுசனக் கலையை அலட்சியம் செய்யாது நோக்கும் மரபொன்று யாழ்ப்பாணப் புலமையுலகில் முன்னரே தோன்றியுள்ளது. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடல் ஊடகமாக நோக்கி 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது ஆற்றுகை மையம் திரையரங்கே எனவும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்று, வாங்கும் சக்தியே எனவும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். இன்று அந்தக் கூரை சிதறிவிட்டது. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஒரேநாளில் ஏறத்தாழ 130 நாடுகளுக்குத் தன் சேவையை விரித்தபோது இலங்கையும் அதில் அடங்கியது. அதன்பின் அமெரிக்கத் தொடர் யாழ்ப்பாணத்து வீட்டின் ஓர் அறையில், தனியொருவரின் கையிலுள்ள கைப்பேசியில் ஓடுகின்றது. அங்கும் நுழைவைத் தீர்மானிப்பது வாங்கும் சக்தியே; ஆனால் அருகில் அமர்ந்து பார்ப்பதற்கு எவருமில்லை.

இத்தகைய சூழலில் 2020 ஏப்ரல் 27இல் வெளியான 'நெவர் ஹாவ் ஐ எவர்' என்னும் தொடர் ஈழத்தமிழரிடையே தனிக் கவனம் பெற்றது. அதன் கதாநாயகி தேவி விஸ்வகுமாராக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், போரின் காரணமாக இலங்கையை விட்டு அகதிகளாகக் கனடா சென்ற பெற்றோரின் மகள், மிசிசாகாவில் வளர்ந்தவர். ஏறத்தாழ 15,000 பேர் விண்ணப்பித்த பகிரங்கத் தெரிவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தன்னைத் தமிழ்க் கனேடியர் எனத் தெளிவாக அடையாளப்படுத்தி வருபவர். நமக்குப் பெருமிதம் தோன்றியது இயல்பே. அப்பெருமிதத்தைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்திரையில் ஏற்கப்பட்டது எது, ஏற்கப்படாதது எது என வினவுவதே நோக்கமாகும்.

1

வரலாற்று நோக்கில் தொடங்குதல் பொருத்தமானது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக நீண்டகாலம் நிலைத்த தென்னாசியப் பாத்திரம் 'சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் 1990இல் அறிமுகமான அப்பு என்னும் கடைக்காரனாவான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்னும் வெள்ளையின நடிகர். 1998இல் அக்குரலுக்காகவே அவருக்கு எமி விருது வழங்கப்பட்டது. குடியேறியவனின் உச்சரிப்பு நகைப்புக்குரியதாயிற்று. அதைப் போலச் செய்தவரின் உச்சரிப்பு விருதுக்குரியதாயிற்று. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் வெளியிட்ட ஆவணப்படம் இதனைப் பகிரங்க விவாதத்துக்குக் கொண்டுவந்தது. 2020இல் அசேரியா அப்பாத்திரத்தினின்றும் விலகினார்.

அடுத்த கட்டத்தில் இரவல் குரலின் இடத்தில் உண்மையான முகம் தோன்றியது. 2006இல் தொடங்கிய 'ஹீரோஸ்' தொடரில் செந்தில் ராமமூர்த்தி, சென்னையிலிருந்து வரும் மரபியல் பேராசிரியராக நடித்தார். பாத்திரத்தின் பெயர் மொஹிந்தர் சுரேஷ். சென்னைக்காரருக்குப் பஞ்சாபிப் பெயர் இடப்பட்டிருப்பது வெறும் கவனக்குறைவன்று. தயாரிப்பாளனுக்குத் தேவைப்பட்டது இந்தியன் என்னும் பொது முகமே. ஊரும் மொழியும் தேவைப்படவில்லை. 2022இல் வெளியான 'பிரிட்ஜர்ட்டன்' தொடரின் இரண்டாம் பருவத்திலும் இதே போக்கைக் காணலாம். அங்கு சர்மா என்னும் வடநாட்டுப் பெயர்கொண்ட குடும்பத்தின் சகோதரியராக நடித்த சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் தமிழ் வழிவந்தவர்கள். அக்குடும்பத்தில் தந்தை தமிழில் 'அப்பா'. அக்கா இந்தியில் 'தீதி'. தங்கை வங்காளத்தில் 'போன்'. கதை நிகழ்வது 1814இல். இந்தியாவைக் கிழக்கிந்தியக் கம்பனி சுரண்டிக்கொண்டிருந்த காலம். ஆயினும் இலண்டன் மாளிகைகளின் நடன மண்டபத்தில் அச்சுரண்டலின் நிழல்கூட விழுவதில்லை.

2

'நெவர் ஹாவ் ஐ எவர்' இவற்றினும் முன்னேறிய நிலையில் உள்ளது என்பதை மறுத்தல் நியாயமன்று. அதனை உருவாக்கியவர்கள் மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் ஆவர். கேலிங்கின் தந்தை தமிழர், கட்டடக் கலைஞர். தாய் வங்காளி, வைத்தியர். பருவ வயதுப் பெண்ணின் கோபத்தையும் ஆசையையும் பொய்யையும் அத்தொடர் வெட்கமின்றிக் காட்டியது. சென்னைத் திரைப்படம் மாநிறப் பெண்ணைத் தோழியாகவும் நகைச்சுவைத் துணையாகவும் ஒதுக்கிவந்த காலத்தில், அத்தகைய முகமொன்றை 40 அத்தியாயங்களின் மையத்தில் அது நிறுத்தியது. நமது பிள்ளைகள் அதனை விரும்பிப் பார்த்தமைக்குக் காரணம் இதுவே.

ஆயின் தேவி யார்? அவளது பெற்றோர் 2001 செப்டெம்பரில் இந்தியாவிலிருந்து கலிபோர்னியா சென்றவர்கள். தாய் நளினி தோல் வைத்திய நிபுணர். ஷேர்மன் ஓக்ஸ் பகுதியில் வசதியான வீடு, கணேச பூசை, சிறந்த பல்கலைக்கழகம் பற்றிய கனவு. இவ்வாழ்க்கையின் வேர் 1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் உள்ளது. அச்சட்டம் நாடுவாரியான பழைய பாகுபாட்டை நீக்கி, தொழில்சார் தகைமைக்கு முன்னுரிமை அளித்தது. விளைவாக வைத்தியர், பொறியியலாளர், விஞ்ஞானி எனக் கல்விகற்ற மத்தியதர வர்க்கத்தினரும் உயர்சாதியினருமே பெருமளவிற் சென்றனர். அவர்களின் பிள்ளைகளே இன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுதுவோரும் நடிப்போரும்.

மைத்ரேயியின் சமூகம் சென்ற வழி வேறு. 1983 யூலை வன்செயல்களின் பின் உயிர்தப்பச் சென்றவர்களின் வழி அது. 1986 ஓகஸ்ட் 11இல் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டனர். 2010இல் 'சன் சீ' கப்பலில் 492 பேர் கனடாவை அடைந்து தடுத்துவைக்கப்பட்டனர். தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் இரவும் பகலும் உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தியோரின் வரலாறு இது. ஆகவே நடிகைக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான தூரம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான தூரம் மட்டுமன்று. அது வர்க்கத் தூரமுமாகும். அகதிக் குடும்பத்தின் முகம், வைத்தியர் வீட்டுக் கதைக்குள் அழைக்கப்பட்டது. அம்முகத்தின் வரலாறு வாசலில் நிறுத்தப்பட்டது.

3

இவ்வேறுபாடு மிகக் கூர்மையாகப் புலப்படுவது தொடரின் துயரப் பகுதியிலேயாகும். தேவியின் தந்தை மோகன் பாடசாலை இசைநிகழ்ச்சியின்போது திடீரென இறந்துபோகிறார். அந்த அதிர்ச்சியில் அவளது கால்கள் சிலகாலம் செயலிழக்கின்றன. முதற்பருவத்தின் இறுதியில், தாயுடன் மலிபு கடற்கரையில் தந்தையின் சாம்பலைக் கரைக்கும்போதே அவளது அடக்கப்பட்ட துயரம் உடைகின்றது. நேர்மையாக ஆக்கப்பட்ட காட்சி அது. அதன்முன் கண்கலங்குவதில் தவறில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அமர்ந்து அதனைப் பார்ப்பவர் கீரிமலையை நினையாதிருத்தல் இயலாது. இங்கும் தந்தையின் சாம்பல் கடலிற் கரைக்கப்படுகின்றது. ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்யப்படுகின்றது. கீரிமலையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு நிலங்கள் 1990இன் பின் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்தன. கரைப்பதற்குச் சாம்பலே இல்லாத குடும்பங்களும் உள. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அப்போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் பலர் விடையின்றியே இறந்துபோயினர்.

தேவியின் துயரத்துக்கு உளவள ஆலோசகர் உண்டு. அந்தரங்க அறையும் கட்டணமும் உண்டு. துயரம் அங்கே தனிமனிதரின் உளநோயாகவும், அதன் நிவாரணம் தனிமனிதரின் முதிர்ச்சியாகவும் அமைகின்றன. நமது துயரத்துக்குக் காரணகர்த்தாக்கள் உளர். ஆகவே அதன் நிவாரணம் நீதியோடு தொடர்புடையது. துயரத்தை வரலாற்றிலிருந்து கழற்றித் தனிமனித உள்ளத்துள் வைப்பதே சந்தைக்கு உகந்த வடிவம். எந்த நாட்டுச் சந்தாதாரரும் அதனைத் தம் துயரமாகக் கொள்ளலாம். எந்த அரசும் அதனால் சங்கடப்படாது.

4

விருதுகளை இந்தப் பின்னணியிலேயே நோக்கவேண்டும். 1949இல் முதன்முதலில் வழங்கப்பட்ட எமி விருது, தொழிற்றுறை தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளும் சடங்காகும். 2013இல் 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' தொடருக்காக நெட்பிளிக்ஸ் அங்கு பரிசுபெற்றமை, புதிய விநியோக மூலதனத்தைப் பழைய தொழிற்றுறை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாயிற்று. பரிசு, பண்டத்தின் பரிவர்த்தனைப் பெறுமதியை உயர்த்தும் முத்திரை.

எனினும் இவ்வுண்மையை இயந்திரப் பாங்காகப் பிரயோகித்தல் தவறு. தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய முஸ்லிம் தமிழ் வைத்தியர் குடும்பத்தைச் சேர்ந்த அசிஸ் அன்சாரி, 'மாஸ்டர் ஒஃப் நன்' தொடரின் 'பெற்றோர்' என்னும் அத்தியாயத்துக்காக 2016இல் அலன் யாங்குடன் இணைந்து எழுத்துக்கான எமி விருதைப் பெற்றார். அதில் தந்தையாகவும் தாயாகவும் நடித்தவர்கள் அவரது சொந்தப் பெற்றோர். அங்கு பெற்றோரின் கடந்தகாலம் திரைக்குள் வந்தது. எழுதியவரின் கையில் வரலாறு இருந்தமையாலேயே வந்தது.

மற்றோர் உதாரணம் இன்னும் மனங்கொள்ளத்தக்கது. 2021இல் இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுகளில், புதிய தொடரில் நடித்த சிறந்த நடிகைக்கான பிரிவில் மைத்ரேயி பரிந்துரைக்கப்பட்டார். பரிசு பெற்றவர் 'அனோர்தோடொக்ஸ்' தொடரில் நடித்த ஷீரா ஹாஸ். அத்தொடரும் நெட்பிளிக்ஸில் வெளிவந்ததே. ஆயினும் அதன் உரையாடலில் பெரும்பகுதி இத்திஷ் மொழியில் அமைந்தது. நாசிகளின் இனப்படுகொலையில் எஞ்சியோர் புரூக்ளினிற் கட்டியெழுப்பிய சமூகமொன்றின் இறுக்கத்தையும், அதற்குக் காரணமான அழிவின் நினைவையும் அது ஒருங்கே பேசியது. ஆகவே சந்தை வரலாற்றை முற்றாக மறுப்பதில்லை என்பது தெளிவு. எழுத்தாலும் நாடகத்தாலும் பல தலைமுறையாக வளர்த்தெடுக்கப்பட்ட வரலாற்றுப் பிரக்ஞை, பலத்தோடு வாசலில் வந்துநின்றால் அது வழிவிடுகின்றது. வராத வரலாற்றை அது தேடிச் செல்வதில்லை.

விருதின் பின்னாலுள்ள உழைப்பையும் மறத்தலாகாது. 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரின் இறுதிப் பருவம் 2023 யூன் 8இல் வெளியானபோது அமெரிக்கத் திரை எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் இருந்தனர். யூலையில் நடிகர்களும் இணைந்தனர். எழுத்தாளர் 148 நாட்களும் நடிகர் 118 நாட்களும் போராடினர். இணையவழி மறு ஒளிபரப்பிற் கிடைக்கவேண்டிய பங்கும், செயற்கை நுண்ணறிவு தம் எழுத்தையும் முகத்தையும் அபகரிக்காமைக்கான உத்தரவாதமும் அவர்களின் முக்கிய கோரிக்கைகள். அவ்வாண்டின் எமி விழா 2024 ஜனவரி 15 வரை பின்தள்ளப்பட்டது. உழைப்பு நின்றபோது விழாவும் நின்றது. நடிகரின் முகமே மூலதனத்தின் உடைமையாகக்கூடும் என்னும் நிலையில், 'நமது முகம் திரையில் தோன்றியது' என்னும் மகிழ்ச்சியோடு நாம் அமைந்துவிட முடியுமா?

5

இறுதியாக நம்மை நோக்கித் திரும்புதல் அவசியமாகின்றது. மைத்ரேயியை 'எங்கள் பிள்ளை' எனக் கொண்டாடிய யாழ்ப்பாண மத்தியதர வர்க்கம், விஸ்வகுமார் வீட்டில் தன்னையே கண்டது என்பதில் ஐயமில்லை. பரீட்சைப் புள்ளி, வைத்தியத் தொழில், விவாகரத்தான பெண்ணைக் குறித்த வம்பு, மதம்மாறி மணந்தவளை விலக்கிவைக்கும் கௌரவம் ஆகியன நமக்குப் புதியனவல்ல. சாதியைப் பேசாமலே சாதியாக வாழும் கலையிலும் அவ்வீடு நமக்கு அந்நியமன்று.

இப்பிரதேசத்துக்கு விருது பற்றிய வேறொரு நினைவும் உண்டு. 1960இல் வெளிவந்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. யாழ்ப்பாண நகரிற் சிகையலங்காரத் தொழில் செய்தவர் அவர். ஒடுக்கப்பட்டோரின் பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்த பண்டிதர்கள் வாழ்ந்த காலம் அது. அப்பரிசு ஜீவாவின் எழுத்தைப் படைக்கவில்லை. எழுத்தும் அதனைத் தாங்கிய முற்போக்கு இயக்கமும் முன்னரே இருந்தன. அவற்றாலேயே பரிசு பொருள்பெற்றது. பரிசோடு அவர் நின்றுவிடவுமில்லை. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல தசாப்தங்களாக நடத்தினார்.

இந்த ஒழுங்கு முக்கியமானது: முதலில் மக்களின் வாழ்வு, பின் அதனை எழுதும் கை, அதன்பின் இயக்கம், இறுதியிலேயே பரிசு. ரொறன்ரோவின் உணவகச் சமையலறைகளில் உழைத்தவர்களின் கதையும், கரைக்கச் சாம்பலற்ற கீரிமலைத் தாயின் கதையும் நமது எழுத்தாளராலும் நாடகக்காரராலும் நமது மொழியில், நமது சாதிய முரண்பாடுகளை மறையாது எழுதப்படவேண்டியவை. அவை எழுதப்படும்வரை ஹொலிவுட் நமது பிள்ளைகளின் முகங்களைப் பெற்றுக்கொள்ளும். வேறு வீடுகளின் கதைகளை அவற்றுக்கு அணிவிக்கும். அதற்கு ஹொலிவுட்டை மட்டும் குறைகூறுவது நமது கடமையிலிருந்து நாம் தப்பிச்செல்லும் வழியாகவே முடியும்.