எந்தச் சக்கரம்?

கார் அறுபதைத் தாண்டியதும் காலடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பும். ஓட்டுகிறவருக்கு முதலில் அது ரோட்டின் சத்தமாகத்தான் படும். பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஊரிலிருந்து வந்து ஏறிய மைத்துனன் "என்ன மச்சான், வண்டி இப்படிக் கத்துது?" என்று கேட்ட பிறகுதான் கார் பட்டறைக்குப் போகும்.

பட்டறையில் அதற்கு இரண்டு விதமான வரவேற்பு உண்டு. ஒருவர் சத்தத்தைக் கேட்காமலே, "பேரிங் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்பார். இன்னொருவர் கையைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கேட்பார். இந்தக் கட்டுரை இரண்டாமவரைப் பற்றியது. அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு மிகப் பிடித்த பொழுதுபோக்குகளில் ஒன்று.

நல்ல மேஸ்திரி முதலில் ஏசியை அணைப்பார், பாட்டை நிறுத்துவார், கண்ணாடிகளை ஏற்றுவார். நம்மையும் வாயை மூடிக்கொள்ளச் சொல்வார், சில சமயம் வாய்விட்டே. உறுமல் நன்றாகக் கேட்கும் வேகத்துக்கு வந்ததும், ரோடு காலியாக இருந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிடுவார். இன்ஜின் தணிந்தும் உறுமல் அப்படியே தொடர்ந்தால் குற்றவாளி இன்ஜின் இல்லை; உருளுகிற எதுவோ. ஒரே ஒரு அசைவில் பாதிக் காரை விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டார்.

அடுத்து ரோட்டையே சாட்சிக்குக் கூப்பிடுவார். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி நெருங்கும்போது பெரும்பாலும் தார் முடிந்து கான்கிரீட் வரும். டயரின் சத்தம் அந்த இடத்தில் குரல் மாறும். புதுத் தாரில் அடங்கும், கான்கிரீட்டில் ஓங்கும். பேரிங்கின் உறுமலுக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான்; அதற்குத் தெரிந்ததெல்லாம் வேகம் மட்டும். பிறகு ஸ்டீயரிங்கை மெல்ல இடப்புறம் வளைப்பார், மெல்ல வலப்புறம். இடப்புறம் வளைந்தால் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது உறுமல் ஏறினால் வலப்பக்க பேரிங்மேல் சந்தேகம். இங்கேதான் அரைகுறை மெக்கானிக் தீர்ப்பு எழுதிவிடுவார். இன்றைய கார்களில் இருப்பவை பெரும்பாலும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்குகள். எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சத்தம் எதிர்ப்பக்கம் வளைக்கும்போதும் கூடலாம். தேர்ந்தவர் இதைத் துப்பாக மட்டும் குறித்துக்கொண்டு மேலே போவார்.

சில சமயம் அவர் வண்டியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்காருவார். முன்னால் இருந்து கேட்டால் முன்சக்கரமாகத் தோன்றுவது, பின்னால் இருந்து கேட்டால் வேறு கதை சொல்லும். தகரமும் தரைத்தட்டும் ஒலியைக் கடத்தி எங்கெங்கோ கொண்டுபோய் விடும். நீளமான மதில் சுவர் ஓரம் வந்தால் அந்தப் பக்கக் கண்ணாடியை இறக்குவார். சுவரில் பட்டுத் திரும்புவது அந்தப் பக்க டயரின் குரல்.

பேரிங், டயர் என்ற இந்த இரண்டின் ஒலிகளுக்கும் பின்னால் இருக்கும் கணக்கு அழகானது. சின்னக் காரின் டயருக்குச் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் அது நொடிக்கு எட்டு ஒன்பது சுற்றுச் சுற்றும். பேரிங்கின் வெளிவளையத்தில் பொட்டளவு பள்ளம் விழுந்திருக்கிறது, ஒரு வரிசையில் 12 குண்டுகள் என்று வையுங்கள். குண்டுகள் சக்கரத்தின் வேகத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே வலம் வருவதால், நொடிக்குச் சுமார் நாற்பது முறை ஏதாவது ஒரு குண்டு அந்தப் பள்ளத்தைத் தட்டிக்கொண்டு போகும். அத்தனை தட்டும் தனித்தனியாகக் காதில் விழாமல் ஒரே கனத்த உறுமலாகத் திரண்டுவிடுகிறது. வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறும்.

டயரின் கதை வேறு. அதில் ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகளை, அதாவது பட்டன்களை எல்லாம் ஒரே அளவில் வெட்டினால் ஒற்றைச் சுருதியில் ஊளையிடும் என்பதால், தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சிறிதும் பெரிதுமாகக் கலந்து வைக்கிறார்கள். ஒலி சிதறி வெறும் இரைச்சலாக அடங்கிவிடும். ஷாக் அப்சார்பர் தளர்ந்தாலோ, அலைன்மென்ட் கோணினாலோ, டயர்களை இடம் மாற்றாமலே ஓட்டினாலோ பட்டன்கள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்து அந்த ஏற்பாடு கெட்டுவிடும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்டயர்கள்தாம் இதில் அதிகம் மாட்டும். கண்ணுக்கு டயர் நன்றாகவே இருக்கும். மேஸ்திரி உள்ளங்கையை அதன்மேல் ஒரு திசையில் தடவுவார், வழுக்கும். திருப்பித் தடவுவார், ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையில் முட்டும். "தொட்டுப் பாருங்க சார்" என்று நம் கையையும் பிடித்து வைப்பார். ரம்பம்தான்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் உள்ள காரில் முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். சத்தம் கூடவே இடம் பெயர்ந்தால் டயர். பெயராமல் நின்றால் பேரிங். செலவில்லாத சோதனை, ஆனால் வேர்வை இருக்கிறது. அதனால்தான் பலர் இதைச் செய்வதில்லை.

எனக்கு இதில் உச்சம் என்று தோன்றுவது ஜாக்கி போட்ட பிறகு நடப்பது. முதலில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். 'பிளே' இருக்கிறதா என்பதற்கான இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் துளியும் ஆடாத பேரிங்கும் உறுமும். தெரிந்தவர் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுகையின் விரல்களை சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங்மேல் லேசாக வைப்பார். நல்ல பேரிங்கானால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். கெட்டதானால் விரல் நுனியில் மணல் ஓடுவது போன்ற கரகரப்பு. காது எட்டாத இடத்தில் விரல் கேட்கிறது. நாலு சக்கரத்தையும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் வாய் திறப்பதில்லை. ஸ்டெதாஸ்கோப்பும், சக்கரத்துக்கு அருகே கவ்வவைத்து ஓட்டும்போதே கேட்கக்கூடிய சின்ன மைக்குகளும் வந்துவிட்டன. நல்லவைதான். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று மட்டும் அவை சொல்லித் தராது.

இந்தக் கலைக்கு ரயிலடியில் ஒரு மூத்த உறவு உண்டு. நீளக் காம்புச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, கணீர் என்றால் சரி, மந்தமாக ஒலித்தால் விரிசல் என்று சொன்ன ஊழியர்களைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். இன்றும் வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது தண்டவாளத்தின் இருபுறமும் குந்தியிருந்து சக்கரங்களைக் கவனிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளத்தில் அச்சளவு மூழ்கிய காருக்கு, ஓட்டிக் கேட்டும் தொட்டும் பார்க்கும் இந்தச் சோதனை மிக அவசியம். சீல் வழியே நீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கும், துரு பள்ளம் பறிக்கும், உறுமல் பல வாரம் கழித்துத்தான் கிளம்பும். மின்சாரக் கார்களிலோ இன்ஜின் இரைச்சல் இல்லாததால், முன்பு மறைந்து கிடந்த சக்கரச் சத்தமெல்லாம் அம்பலத்துக்கு வந்துவிட்டது. இந்தக் காதுக்கு வேலை குறையப் போவதில்லை.

குறைவது அதற்கான கூலிதான். பேரிங் மாற்றினால் பில் உண்டு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிக் கேட்டு, ஸ்பிரிங்கைத் தொட்டு, "பேரிங்குக்கு ஒண்ணுமில்ல சார், டயரை மாத்திப் போட்டு அலைன்மென்ட் பாருங்க, போதும்" என்று சொல்லி நம் பணத்தைக் காப்பாற்றியவருக்கு பில்லில் ஒரு வரிகூடக் கிடையாது. நாமும் ஒரு நன்றியோடு சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை எந்த வேகத்தில், எந்த ரோட்டில், எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் வருகிறது என்பதைக் கவனித்து அவரிடம் சொல்லுங்கள். எதையும் மாற்றாமல் அனுப்பினாலும், கேட்டுப் பார்த்ததற்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.