நகைக்களனும் ஆய்வுக்களனும்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடம் ஆகிய நான்கினையும் களனாக வகுத்தார் தொல்காப்பியர். அறிவு இவற்றுள் எண்ணப்படவில்லை. அங்ஙனமாயின், அறிவையே தொழிலாகக் கொண்டாரை மாந்தராக்கி நகைச்சுவை நாடகம் புனையும் ஆசிரியன் எதனைக் களனாகக் கொள்வான்? அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், பாசடீனா நகரத்தே உள்ள கால்டெக் என்னும் அறிவியற் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுந்த படைப்புக்கள் இவ்வினாவை ஆராய உதவுவன.

அவற்றுள் உலகெங்கும் பரவியது, 2007 முதல் 2019 வரை 279 பகுதிகளாக ஒளிபரப்பப்பெற்ற 'தி பிக் பேங் தியரி' என்னும் தொலைக்காட்சித் தொடர். அதன் தலைமை மாந்தருள் ஒருவனாகிய ஷெல்டன் கூப்பர் கோட்பாட்டு இயற்பியலில் வல்லவன். அவனைக் கண்டு நாம் நகுவது எதன்பொருட்டு? தன் இருக்கையிற் பிறர் அமரப் பொறான். கதவை மும்முறை தட்டி, மும்முறை பெயர் கூறி அழைத்தாலன்றி அமையான். கொண்டது விடாமையை மடம் என்பர் உரையாசிரியர். அதற்கு இவனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. முனைவர் பட்டம் பெறாத பொறியியலாளனாகிய நண்பனை அவன் இகழ்வதும், தான் பிறரால் இகழப்படுவதும் எள்ளலின் இரு கூறுகள். நகை அவனது ஒழுகலாற்றினின்று பிறக்கின்றதேயன்றி ஆய்வினின்று பிறப்பது அரிது.

பின்னணியில் நிற்கும் எழுதுபலகையே இதற்குச் சான்று. அதிலுள்ள சமன்பாடுகள் மெய்யானவை. டேவிட் சால்ட்ஸ்பர்க் என்னும் இயற்பியற் பேராசிரியர் ஆக்கித் தந்தவை. மாந்தரோ அதன்முன் நின்று பெரும்பாலும் உணவையும் காதலையும் பற்றியே உரையாடுவர். மெய்யான அறிவியல் அங்கே வெறுந் திரைச்சீலையாயிற்று. இறுதிப் பகுதியில் ஷெல்டன் நோபல் பரிசு பெறுகின்றான். அங்கும் அவன் நண்பர்க்கு நன்றி கூறக் கற்றுக்கொண்டமையே கதையின் முடிபாகின்றது.

1985-இல் மார்த்தா கூலிட்ஜ் இயக்கிய 'ரியல் ஜீனியஸ்' என்னும் திரைப்படம் கால்டெக்கை நினைவூட்டும் 'பசிபிக் டெக்' என்றொரு கல்லூரியைப் படைத்தது. தாம் ஆக்கிய லேசர் படைக்கலமாக்கப்படுவதை அறிந்த மாணவர், அக்கதிராலேயே சோளத்தைப் பொரித்துப் பேராசிரியர் இல்லத்தை நிரப்புகின்றனர். களன் இளமையே, எனினும், ஆய்வின் பயன் யார்க்குரியது என்னும் வினா நகையினூடே எழுகின்றது. நாடகத்திறத்தாற் பிற்பட்டதாயினும் பொருளால் இதுவே மேம்பட்டது என்பது என் துணிபு.

உண்மை மாணவர் குறும்பிலோ அறிவே கருவியாயிற்று. 1961 ஜனவரி 2-ஆம் நாள், ரோஸ் பௌல் ஆட்டத்தில் வாஷிங்டன் அணியின் ஆதரவாளர் அட்டைகளை உயர்த்தி எழுத்தமைத்தனர். கால்டெக் மாணவர் குறிப்புத்தாள்களை முன்னரே மறைவில் மாற்றியிருந்தமையின், தொலைக்காட்சியில் நாடு முழுதும் கண்டது 'கால்டெக்' என்னும் பெயர்!

இனி, பொதுமக்கள் வாழ்வில் இக்கழகம் பெற்றுள்ள இடம் நகைக்குரியதன்று. நிலநடுக்கத்தை அளக்கும் ரிக்டர் அளவுகோல் 1935-இல் இங்கேதான் உருவாயிற்று. தென் கலிபோர்னியாவில் நிலம் அதிருந்தொறும் செய்தியாளர் இவ்வளாகத்தை நாடுவர். 1992 ஏப்ரலில் ஜோஷுவா ட்ரீ நிலநடுக்கம் நிகழ்ந்த இரவில், அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்து பாசடீனாவிற் பணியாற்றிய லூசி ஜோன்ஸ் அம்மையார், உறங்கும் தம் சிறுமகனைத் தோளில் ஏந்தியவாறே தொலைக்காட்சியில் தோன்றி, அஞ்சிய மக்களுக்கு நிகழ்ந்ததனை விளக்கினார். ஆய்வும் அன்றாட வாழ்வும் அங்கே தம்முள் முரணவில்லை. 279 பகுதிகளில் இதற்கு இணையான காட்சி ஒன்றினையும் யான் கண்டிலேன்.