கெட்டியான தரை இருந்தால் எலும்பு வந்துவிடுமா?

2006-ல் எங்லர், டிஷர் குழு ‘செல்’ இதழில் எழுதிய கட்டுரையை முதலில் படிச்சப்ப அசந்துபோனேன். கொலாஜன் பூசிய பாலிஅக்ரிலமைடு ஜெல்தான் தரை. சுமார் 1 கிலோபாஸ்கல் மென்மையில் ஸ்டெம் செல் நரம்புச் செல் பக்கம் சாய்கிறது. 25–40 கிலோபாஸ்கலில் எலும்புச் செல் பக்கம். ‘கெட்டித்தன்மைதான் சுவிட்ச்’ என்று இங்கே நானும் எழுதிவைத்தேன். அவசரப்பட்டுட்டேன்.

செல் நேராக ஜெல்லைப் பிடிப்பதில்லை. மேலே ஒட்டிய புரதத்தை இன்டக்ரின்களால் பற்றி இழுத்துப் பார்க்கிறது. அப்படின்னா, ஜெல்லைக் கெட்டியாக்கும்போது கொலாஜன் ஒட்டியிருக்கும் விதமும் மாறியிருந்தால்? 2012-ல் ட்ராப்மன் குழு கேட்டது இதைத்தான். சிலிக்கோன் தரையில் கெட்டித்தன்மையை மாற்றியும் செல்லின் போக்கு மாறவில்லை.

2014-ல் எங்லர் குழுவின் பதில் வந்தது. கெட்டித்தன்மையை அப்படியே வைத்து, ஜெல்லின் துளையளவையும் புரதப் பிணைப்பையும் மாற்றினார்கள்; செல்லின் போக்கு மாறவில்லை. பழைய முடிவு நிற்கிறது என்றார்கள்.

ஒரே கமிட்டில் இரண்டு வரியை மாற்றிவிட்டு, பிழை எதனால் போனதுன்னு சொல்ல முடியுமா? பதில் வலுவானதுதான். ஆனால் சிலிக்கோன் முடிவை அது முழுசா விளக்கிவிடவில்லை. எலும்புக்குச் சாரம் வடிவமைப்பவர் முதல் கட்டுரையின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது; மேலே எந்தப் புரதம், எப்படி ஒட்டியிருக்கிறது என்பதையும் அளக்கணும். என் பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன்.