விரல்நுனியில் ஒரு தராசு

மின்சார மாதிரி விமானம் மேலே ஏறியதும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வேலை, பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது. மலேசியாவின் காஜாங்கில் மதியம் தாண்டினால் இடிமழை வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் காற்று அடங்கிய காலையில், பசியாறுவதற்கு முன்பே, திடலோரத்தில் அந்த வேலை நடக்கும். விமானம் பறக்கவிடுபவர்கள் மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். வழவழப்பான உறை இறுக்கமாக, தட்டையாக இருக்க வேண்டும். கொஞ்சம் உப்பியிருந்தாலும் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை வெள்ளி கொடுத்து வாங்கியதானாலும் ஒதுக்கிவிடுவார்கள். அந்த மனசு எல்லாருக்கும் வராது.

பெரிய பேட்டரி போட்டால் நெடுநேரம் பறக்கும் என்பது பாதி உண்மைதான். 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்குப் பழகிய ஃபோம் விமானத்தில் கனமானதைத் திணித்தால், இறங்கும்போதும் வேகம் குறைய மறுக்கும். எடை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, இறக்கையின் அடியில் இரண்டு விரல்நுனிகளைக் கொடுத்துத் தூக்குவார்கள். மூக்கு சாய்கிறதா, வால் தொங்குகிறதா? பேட்டரியை ஒரு விரற்கடை முன்னேயோ பின்னேயோ தள்ளி, மறுபடி தூக்கி, மறுபடி தள்ளி... அவசரமே கிடையாது. பிறகு வெல்க்ரோ பட்டை சரக்கென்று இறுகும், மஞ்சள் பிளக் அழுத்தமாக உட்காரும். உடனே மோட்டார் கீச்சுக்குரலில் பேசும்; பல விமானங்களில் ஒரு செல்லுக்கு ஒரு 'பீப்'. பழகிய கைக்காரர் அதைக் காதுகொடுத்து எண்ணுவார். மூன்றும் கேட்கும்வரை அவர் விரல் த்ராட்டில் பக்கம் போகாது.