பார்த்திருப்போர்: இணையப் பகடிவதையும் பதின்ம வயதினரின் மௌனமும்

இணையப் பகடிவதையைப் பற்றிப் பேசுங்கால் நாம் வதைப்பவனையும் வதைபடுபவனையுமே பெரிதும் நோக்குகிறோம். பார்த்திருக்கும் மாணவரை ‘அக்கறையற்ற தலைமுறை’ என்று ஒரே தொடரில் ஒதுக்கிவிடுகிறோம். இத்தீர்ப்பு அவசரமானது என்பதே எம் கருத்து.

பார்த்திருப்போர் மீதான சினம் தமிழுக்குப் புதிதன்று. ‘பாஞ்சாலி சபதம்’ இரண்டாம் பாகத்தில் (1924), பாஞ்சாலி இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டு புலம்பி நின்ற ஊராரைப் பாரதியார் கடுஞ்சொற்களால் சாடுகிறார். எனினும் அவ்வூரார் அக்கறையற்றவர் அல்லர், புலம்பியவர்கள். அவையிலும் வீடுமர் அநீதியை உணர்ந்தே தடுக்கும் திறன் தமக்கில்லை என்கிறார். எழுந்து பேசிய விகர்ணனையோ கர்ணன் சிறியவன் என இகழ்ந்து அடக்குகிறான். நாற்பது மாணவர் கொண்ட ஒரு வகுப்பின் புலனக் குழுவுக்கு இக்காட்சி அயலானதன்று.

உளவியலார் இம்மௌனத்தை எண்ணிக்கையால் விளக்குவர். 1968இல் டார்லியும் லதானேயும் வெளியிட்ட சோதனையில், ஒருவர் வலிப்பால் துன்புறும் குரலைத் தாம் மட்டுமே கேட்பதாக நம்பியோருள் 85 விழுக்காட்டினர் அக்குரல் ஓய்வதற்குள் உதவ முனைந்தனர். வேறு நால்வரும் கேட்பதாக நம்பியோருள் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். இம்முடிவை இணையப் பகடிவதைக்கு அப்படியே பொருத்துவோர் ஒன்றை மறக்கின்றனர். அச்சோதனையில் துன்புற்றவர் உண்டு, துன்புறுத்தியவர் இல்லை. உதவச் சென்றவர் மீது எவரும் திரும்பப் போவதில்லை. பதின்ம வயதினரோ அடுத்த இலக்கு தாமே என்பதை அறிந்தே மௌனம் காக்கின்றனர்.

கனடாவில் ஹாக்கின்ஸ் முதலியோர் பள்ளித் திடல்களில் நிகழ்த்திய ஆய்வு (2001) சற்று நம்பிக்கை தருகிறது. சக மாணவர் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தருணங்களில் வதை பத்து விநாடிகளுக்குள் நின்றது. ஆயினும் திடலில் சொன்ன சொல் காற்றோடு போகும். திரையிற் பிடித்த படம் அவ்வாறு போவதில்லை.

குழுவில் வாய் திறவாத மாணவி, இரவில் பாதிக்கப்பட்டவளுக்குத் தனிச்செய்தி அனுப்புவதுண்டு. ஆசிரியர் கண்ணில் படாத இச்செயலையும் எதிர்வினையாகவே கொள்ளுதல் வேண்டும். இதனால் வதை நிற்பதில்லை என்பது உண்மையே. ஆனால் தனித்து விடப்பட்டவளுக்கு அச்செய்தி சிறிதன்று.

சிங்கப்பூரில் 2014இல் இயற்றப்பட்ட தொல்லைத் தடுப்புச் சட்டமும், மலேசியாவில் 2025இல் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தமும் வதைப்பவரையே நோக்குகின்றன. பார்த்திருப்பவர் நம் வகுப்பறைக்கு உரியவர். அங்கு நாம் செய்வதென்ன? ‘இணையப் பகடிவதையை ஒழிப்போம்’ எனக் கட்டுரைத் தலைப்புத் தருகிறோம். ‘ஆசிரியரிடம் தெரிவிப்பேன்’ என எழுதியவருக்குப் புள்ளி வழங்குகிறோம். மெய்யாகவே தெரிவிக்க வந்த மாணவனின் கைப்பேசிப் படத்தை வகுப்பின் முன் காட்டி விசாரிக்கும் ஆசிரியரும் நம்மிடையே உளர். படம் யார் கைப்பேசியிலிருந்து வந்தது என்பதை அன்று மாலைக்குள் குழு முழுவதும் அறிந்துவிடும். அடுத்த முறை அம்மாணவன் நம்மிடம் வருவான் என எதைக்கொண்டு எதிர்பார்க்கிறோம்?