மேரி ஓட்டோவின் ‘டீத்’: பல்லு மட்டும் யாருதாம்?

என் மாமனாருக்கு எழுபத்தொரு வயது. நியூஜெர்சியில் எங்களோடு இருக்கிறார். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் முடிந்ததும், மாதாமாதம் பணம் கட்டி மெடிகேரில் சேர்ந்தார். போன வருஷம் கடைவாய்ப் பல் உடைந்தது. பல் டாக்டரிடம் மெடிகேர் கார்டை நீட்டினால், இங்கே செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். “கண்ணுல புரை எடுத்தப்ப செல்லுச்சே மாப்ளே, பல்லு மட்டும் யாருதாம்?” என்று கேட்டார்.

அதற்குப் பதில் தேடித்தான் மேரி ஓட்டோ எழுதிய ‘டீத்’ (2017) நூலைப் படித்தேன். ஓட்டோ வாஷிங்டன் போஸ்டில் நிருபராக இருந்தவர். 2007இல் மேரிலாந்தில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், சொத்தைப் பல்லின் தொற்று மூளைக்குப் போய் இறந்தான். அந்தச் சாவுதான் நூலின் மையம். அங்கிருந்து 1840க்குப் போகிறார். பால்டிமோரில் பல் மருத்துவத்துக்கென்றே தனிக் கல்லூரி தொடங்கிய வருஷம் அது. படிப்பு பிரிந்தது; தொழில் பிரிந்தது; பின்னால் காப்பீடும் பிரிந்தது. 1965இல் வந்த மெடிகேர் சட்டம், பல் அடைப்பது, பிடுங்குவது, மாற்றுவது எதற்கும் பணம் கிடையாது என்று எழுதியே வைத்துவிட்டது. இந்த வரலாற்றை ஓட்டோ சொல்லும் விதம் அருமை.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த நூலின் கோபம் ஒரு சாவிலிருந்து பிறக்கிறது. வயசானவர்கள் பெரும்பாலும் பல்லால் சாவதில்லை. முறுக்கை ஒதுக்குகிறார்கள், வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள், பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். பல் போனால் சொல் போச்சு என்று நம்மூரில் சும்மாவா சொன்னார்கள்? சத்தமில்லாத இந்த இழப்புக்கு நூலில் இன்னும் இடம் தந்திருக்கலாம்.

நூல் வந்தபின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கணும். 2021இல் மெடிகேரில் பல்லைச் சேர்க்க எடுத்த முயற்சி காங்கிரஸில் கைவிடப்பட்டது. 2023 முதல் உறுப்பு மாற்று, இதய வால்வு மாதிரி சிகிச்சைகளுக்கு முன் பல் தொற்றைச் சரிசெய்யப் பணம் உண்டு என்று விதி தெளிவாக்கப்பட்டது. அதாவது சொத்தைப் பல் இதயத்தைக் கெடுக்கும் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. அப்புறம் வால்வு கெடும்வரை ஏன் காத்திருக்கணும்?

மிச்சம் இருப்பது தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள். விளம்பரத்தில் ‘டென்டல்’ பெரிய எழுத்தில் இருக்கும்; வருஷ உச்சவரம்பு பொடி எழுத்தில் இருக்கும். சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: வருஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு? கிரவுன், பல்செட்டுக்கு எத்தனை சதவீதம்? நம்ம டாக்டர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா?

மாமனாருக்குக் கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி கிளினிக்கில் குறைந்த செலவில் பல் கட்டினோம். மாணவர்கள் செய்வதால் நாலு தடவை அலைய வேண்டியிருந்தது. இப்போது முறுக்கு சாப்பிடுகிறார். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.